பரம்பரையா, பழக்கமா?

புற்றுநோய் கண்ட வீட்டில் அழுகை அடங்கியதும் எழுகிற முதல் கேள்வி இதுதான். மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பதிலும் தயாராகவே இருக்கும். “அவங்க அம்மாவுக்கும் இதே நோய்தானே” என்பார் ஒருவர். “வாய் ஓயாம வெத்தலை போட்டா வராம என்ன செய்யும்” என்பார் இன்னொருவர். ஒன்று சரி என்றால் மற்றது தவறு என்கிற தோரணையில்தான் பேச்சு நடக்கும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் டி.என்.ஏ. சேதம் பற்றி நடந்திருக்கும் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் வேறொன்று புலப்படுகிறது. பரம்பரையும் பழக்கமும் செல்லுக்குள் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தைச் செல் எப்படிச் சரிசெய்கிறது என்பதே அந்த இடம். இதை நமக்குத் தெளிவாக்கிய ஆய்வுகளில் சில வெகுதூரத்தில் நடந்தவை அல்ல. சுபாங் ஜெயாவில் நடந்தவை.

மலேசியாவில் இந்தத் துறையைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர் பேராசிரியர் டத்தின் படுகா தியோ சூ ஹ்வாங். பிரிட்டனின் ஓ.பி.இ. விருது பெற்ற மரபியலாளர். 2001இல் ‘காரிஃப்’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘கேன்சர் ரிசர்ச் மலேசியா’ என்று அறியப்படும் சுபாங் ஜெயா ஆய்வு நிலையத்தைக் கட்டியெழுப்பியவர். நாளிதழ்கள் அவரை மார்பகப் புற்று ஆய்வாளர் என்றே எழுதுகின்றன. ஆனால் அவர் தொடங்கியது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டில். கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஜாக்சனின் ஆய்வகத்தில் இருந்தபோது, அறுந்துபோன டி.என்.ஏ. முனைகளை மீண்டும் ஒட்டும் ‘லிகேஸ் 4’ என்ற நொதியை ஈஸ்ட்டில் அடையாளம் கண்டு, 1997இல் ஜாக்சனுடன் சேர்ந்து வெளியிட்டார். அந்த நொதி மனிதரிலும் இருக்கிறது. ஈஸ்ட்டுக்கும் நமக்கும் இடையே எத்தனையோ கோடி ஆண்டுப் பரிணாம இடைவெளி இருந்தும், உடைந்ததை ஒட்டுகிற வேலையை இரு உயிர்களும் ஒரே வகையில் செய்கின்றன. ஈஸ்ட் ஆய்வில் பழகிய ஒருவர் நாடு திரும்பி மார்பகப் புற்று நோயாளிகளின் இரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கியதைத் துறை மாறிய கதையாக நான் பார்க்கவில்லை. அது அதே கேள்வியின் அடுத்த கட்டம்.

டி.என்.ஏ. சேதமடைவது எப்போதோ நிகழும் விபத்து அன்று. ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் 1970களில் இதைக் காட்டினார். உடல் சூட்டில், நீர் சூழ இருப்பதாலேயே டி.என்.ஏ. சிதைகிறது. ஒரு மனிதச் செல்லில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 இடங்களில் அதன் எழுத்துகளான காரங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. வெயில், புகை, எக்ஸ்ரே எதுவும் படாத செல்லிலும் இது நடக்கிறது. அப்படியானால் நாம் உயிரோடு இருப்பதற்குக் காரணம், சேதம் வராமல் இருப்பதன்று. வந்த சேதம் ஓயாமல் சரிசெய்யப்படுவது. இந்தப் பணியின் வேதியியலை விளக்கியதற்காகவே லிண்டாலுக்கும் பால் மோட்ரிச்சுக்கும் அசீஸ் சஞ்சாருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சேதங்களில் கொடியது ஒன்று உண்டு. டி.என்.ஏ. இரட்டை இழை. ஓர் இழையில் கோளாறு என்றால் எதிர் இழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் பார்த்துச் செய்ய எதுவும் அருகில் இல்லை. இந்த இரட்டை அறுப்புதான் குரோமோசோம் கோளாறுகளுக்கு மூலம் என்பதை நிறுவியவர்களில் ஒரு தமிழர் இருக்கிறார். அவரைப் பற்றி நம்மிடையே போதுமான பேச்சு இல்லை என்பது என் வருத்தம். ஏ. டி. நடராஜன் டில்லியில் எம். எஸ். சுவாமிநாதனோடு கோதுமைக் குரோமோசோம்களை ஆராய்ந்து தொடங்கி, நெதர்லாந்தின் லைடனில் பேராசிரியராக உயர்ந்தவர். 1978இல் அவரும் ஜெர்மானியர் குந்தர் ஓபேயும் வெளியிட்ட சோதனையின் நேர்த்தி இன்று படித்தாலும் வியக்கவைக்கிறது. எக்ஸ்ரே பட்ட செல்லில் ஒற்றை இழை அறுப்புகள் மிக அதிகம், இரட்டை அறுப்புகள் சில. எது குற்றவாளி? ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுத்த நொதியை அந்தச் செல்களுக்குள் செலுத்தினார்கள். அது ஒற்றை இழையாக நிற்கும் இடத்தைத் தேடி வெட்டும். அதாவது, ஒற்றை அறுப்புகளை இரட்டை அறுப்புகளாக மாற்றும். கதிர்வீச்சின் அளவு கூடவில்லை. ஆனாலும் குரோமோசோம் கோளாறுகள் பெருகின. குற்றவாளி பிடிபட்டது.

இந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிரியக்கச் சிகிச்சைக் கருவியிலிருந்த சீசியம்-137ஐப் பழைய இரும்பு என்று நினைத்துப் பிரித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார்கள் என்று சொல்லக் கருவி எதுவும் அங்கே இல்லை. இரத்தத்தில் இருந்த வெள்ளணுக்களின் குரோமோசோம் உடைவுகளை எண்ணித்தான் கணக்கிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் நடராஜனும் ஒருவர்.

சரி, இதற்கும் மார்பகப் புற்றுக்கும் என்ன தொடர்பு? சில குடும்பங்களில் மார்பகப் புற்று பரம்பரையாக வருகிறது என்பதையும், அதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதையும் அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 என்ற அந்த மரபணு 1994இலும், பி.ஆர்.சி.ஏ. 2 அதற்கு அடுத்த ஆண்டும் பிரித்தெடுக்கப்பட்டன. ஆனால் அவை உடலில் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது தெரியவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் சென்ற அசோக் வெங்கிட்டராமன், கே. ஜே. பட்டேல் முதலானோருடன் 1998இல் வெளியிட்ட ஆய்வில் பதில் வந்தது. பி.ஆர்.சி.ஏ. 2 பழுதான எலிச் செல்களில், எக்ஸ்ரே எதுவும் படாமலேயே குரோமோசோம்கள் தாறுமாறாக உடைந்து தவறான துண்டுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நடராஜன் கதிர்வீச்சுக்குப் பின் நுண்ணோக்கியில் பார்த்த குழப்பத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். வெளியிலிருந்து வந்த கதிர் செய்ததை, பரம்பரையில் வந்த ஒரு பழுது உள்ளிருந்தே செய்திருக்கிறது.

உடைவைச் சரிசெய்யச் செல்லுக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, அறுந்த முனைகளை அப்படியே ஒட்டுவது. லிகேஸ் 4 செய்யும் வேலை. வேகமானது, ஆனால் முனைகளில் கொஞ்சம் இழப்பு நேரலாம். தவறான முனையோடு ஒட்டவும் கூடும். இன்னொன்று, செல் பிரிவதற்கு முன் எடுத்துவைத்த மறுபிரதியைப் பார்த்துப் பிசகில்லாமல் எழுதுவது. பி.ஆர்.சி.ஏ. 2, ராட் 51 என்ற புரதத்தை உடைந்த இடத்துக்குக் கொண்டுவந்து இந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது. பி.ஆர்.சி.ஏ. இல்லாத செல் முதல் வழியையே நம்ப வேண்டியிருக்கிறது, பிழைகள் சேர்கின்றன, ஆண்டுகள் போகப் போகப் பிழைகளில் ஒன்று செல்லின் கட்டுப்பாட்டை அறுத்துவிடுகிறது.

2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைச் சொன்னால் படம் முழுமையாகும். 25 நாடுகளிலிருந்து 1,13,000க்கும் மேற்பட்ட பெண்கள். மலேசியப் பெண்களும் அதில் உண்டு. தியோவும் ஆய்வாளர்களில் ஒருவர். மார்பகப் புற்றோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்டுவந்த 34 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஐந்து மரபணுக்களுக்கு உறுதியான சான்று கிடைத்தது: பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2, பால்பி 2, செக் 2, ஏ.டி.எம். சற்றுக் குறைந்த உறுதியோடு மேலும் நான்கு. ஒன்பதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாமே டி.என்.ஏ. சேதத்தைக் கண்டறிவதிலோ சரிசெய்வதிலோ, சரியாகும்வரை செல்லை நிறுத்திவைப்பதிலோ பங்கு பெறுபவை. மார்பகப் புற்றின் பரம்பரை என்று நாம் சொல்வது, பெரும்பாலும் பழுதுபார்ப்பவர்களில் ஒருவர் வேலைக்கு வராத பரம்பரை.

இந்தப் பழுது எவ்வளவு ஆபத்தானது? 2017இல் வெளியான கணக்கின்படி, பி.ஆர்.சி.ஏ. 1 பழுதோடு பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் 69. சினைப்பைப் புற்றுக்கு முறையே 44, 17. ஆனால் இந்த எண்கள் பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களிலிருந்து வந்தவை. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணர் யிப் செங் ஹாரும் தியோவும் சேர்ந்து 2002இல் மலேசிய மார்பகப் புற்று மரபியல் ஆய்வைத் தொடங்கினார்கள். 2012இல் சுபாங் ஜெயா மருத்துவ மையமும் சேர்ந்தது. இந்த ஆய்விலிருந்து வந்த தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றின் முதல் ஆசிரியர் ஈஸ்வரி தீர்த்தகிரி. 187 மலேசிய நோயாளிகளின் இரு மரபணுக்களையும் முழுமையாகப் படித்த அந்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது: யாருக்குச் சோதனை வேண்டும் என்று கணிக்க மேற்கில் உருவாக்கிய முறைகள், இங்கே பி.ஆர்.சி.ஏ. 2 பழுது உள்ளவர்களைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. அந்த அளவுகோலை மட்டும் நம்பினால், சோதனை தேவைப்படும் பெண்ணிடம் “உங்களுக்குத் தேவையில்லை” என்று சொல்லி அனுப்ப நேரும்.

தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, வயதைச் சமன்செய்த கணக்கில் ஒரு லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று சீனரிடையே 40.7, இந்தியரிடையே 38.1, மலாய்க்காரரிடையே 31.5. நாம் சீனருக்கு மிக அருகில் இருக்கிறோம். ஆனால் மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. விகிதப்படி ஆள் சேர்த்தால் எந்த ஆய்விலும் நம் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும். சிறிய எண்ணிக்கையில் உறுதியான முடிவு வராது. விளைவு சோதனை அறிக்கையில் தெரியும். “மாற்றம் இருக்கிறது, பொருள் தெளிவில்லை” என்கிற முடிவு, அதிகம் ஆராயப்படாத இனத்தவருக்கே கூடுதலாக வருகிறது. படித்துவிட்டு நிம்மதியும் அடைய முடியாது, முடிவும் எடுக்க முடியாது.

இந்த இடத்தில் சென்னையைப் பார்க்க வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டி. ராஜ்குமார் குழு 2009இல் தென்னிந்தியப் பெண்களின் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் வழிவழியாக வருவதாக அறியப்பட்ட ஒரு பழுது அங்கும் அடிக்கடி தென்பட்டது. யூதத் தொடர்பு இல்லாமலேயே அது இந்தியாவில் தனியாகத் தோன்றியிருக்கக்கூடும் என்பதற்கு, அதற்கு முன்பே ஓர் இந்தியக் குடும்பத்தில் சான்று கிடைத்திருந்தது. கிள்ளானில் வாழும் தமிழரின் வேர் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மரபணுவைப் புரிந்துகொள்ள சுபாங் ஜெயாவின் தரவும் அடையாற்றின் தரவும் ஒன்றாக வாசிக்கப்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

இனிப் பழக்கத்துக்கு வருவோம்.

மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையேதான் அதிகம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், வெற்றிலைப் பெட்டிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985இலேயே புற்று உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. 2004இல் பாக்கை மட்டும் தனியாகவும் அதே வகையில் சேர்த்தது. “நான் புகையிலை போடுவதில்லை” என்ற ஆறுதலுக்கு அதோடு இடமில்லாமல் போயிற்று. பாக்கிலுள்ள அரிகோலின் எச்சிலில் வினைபுரிந்து, டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது. வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட்டு நுனிவிரலால் தடவுகிறோமே சுண்ணாம்பு, அது வாயின் காரத்தன்மையை உயர்த்துகிறது. அந்தச் சூழலில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, டி.என்.ஏ.வைத் தாக்கும் மூலக்கூறுகளைக் கொட்டுகின்றன. கன்னத்தின் ஒரே மூலையில் மணிக்கணக்காக அடக்கிவைத்தால், அந்த மூலையில் இருக்கும் செல்களுக்குப் பழுதுபார்க்க ஓய்வே கிடைக்காது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போவது பலருக்கு முதல் எச்சரிக்கை.

தோட்டப்புறத்தைச் சீரழித்த சம்சு சாராயமும் இந்தக் கணக்கில் சேரும். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. மேலே சொன்ன அதே பட்டேலின் குழு, அது எலிகளின் இரத்த மூலச்செல்களில் குரோமோசோம்களை உடைப்பதை 2018இல் காட்டியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2024இல் வந்த ஆய்வு. வெங்கிட்டராமன் அப்போது சிங்கப்பூர்ப் புற்றுநோய் அறிவியல் கழகத்தின் இயக்குநர். புற்றைத் தடுக்கும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால்தான் புற்று தொடங்கும் என்பது 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் வகுத்த விதி. பி.ஆர்.சி.ஏ. 2 பழுதோடு பிறந்தவருக்கும் ஒரு நல்ல பிரதி இருக்கும். அது இருக்கும்வரை ஓரளவு காவல் உண்டு என்றே எண்ணிவந்தோம். வெங்கிட்டராமனின் குழு கண்டது இது: செல் சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் அளவு மீறினால், நல்ல பிரதியிலிருந்து உருவான புரதத்தையே தற்காலிகமாக அழித்துவிடுகிறது. மரபணு நன்றாக இருந்தும் பழுதுபார்க்க ஆள் இல்லை. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களிடம் இந்தப் பொருள் கூடுதலாக இருக்கும். இது செல்களிலும் எலிகளிலும் ஆய்வகத்தில் கண்டது. நீரிழிவுக்காரருக்கு இந்த வழியில்தான் புற்று வருகிறது என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. ஆனாலும் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியருக்கு 31.4 விழுக்காடு, எல்லா இனங்களையும்விட அதிகம் என்று வந்ததை இதோடு சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை. பரம்பரையும் பழக்கமும் ஒரே புரதத்தின் மேல் கைவைக்கின்றன.

சேதம் நோயைத் தருவதுபோலவே மருந்தையும் தருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தியே கொல்கின்றன. ஆனால் நல்ல செல்லும் அடிபடும். 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதை மாற்றியது. மேருவிலிருந்து கிள்ளானுக்கு ஜாலான் மேரு அடைபட்டால் காப்பார் போய்ச் சுற்றி வந்துவிடலாம். இரண்டும் அடைபட்டால் வழியில்லை. பி.ஆர்.சி.ஏ. இழந்த புற்றுச் செல்லுக்கு ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. ‘பார்ப்’ என்ற பழுதுபார்க்கும் நொதியை மருந்தால் முடக்கினால் மற்றதும் அடைபடும், செல் சாகும். நல்ல செல்லுக்கு முதல் வழி திறந்திருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். ஜாக்சன் தொடங்கிய நிறுவனத்தில் உருவாகி 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒலாபாரிப் இந்த வகையில் முதல் மருந்து. தியோ ஈஸ்ட்டில் வேலை செய்த அதே ஆய்வகத்துக்காரரின் கையிலிருந்து சினைப்பைப் புற்றுக்கு மருந்து வந்திருக்கிறது. ஆனால் மருந்து யாருக்குப் பலிக்கும் என்று தெரிய மரபணுச் சோதனை வேண்டும். சோதனைக்கு முன் ஆலோசனை வேண்டும். மரபணு ஆலோசகர்கள் நாட்டில் மிகச் சிலரே இருப்பதால், சிகிச்சை தரும் மருத்துவரையே பயிற்றுவித்து ஆலோசனை சொல்லவைக்கும் திட்டத்தைச் சினைப்பைப் புற்று நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். நல்ல வழி; அந்த ஆலோசனை தமிழிலும் கிடைத்தால்தான் நம் பாட்டிகளுக்குப் பயன்.

நோயாளி அந்த ஆலோசனைவரை வந்து சேர வேண்டுமே என்பது அடுத்த கவலை. மேலே சொன்ன தேசியப் பதிவேட்டில் மார்பகப் புற்றுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். இதற்கு மரபியல் விடை இல்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் தொடங்கிய துணையாளர் திட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. உளவியலாளர் மகேஸ்வரி ஜெகநாதன் பங்குகொண்ட அத்திட்டத்தில், கட்டி என்று வந்த பெண்ணோடு ஒருவர் துணைக்கு நிற்பார். எந்த அறைக்குப் போவது, எந்தத் தேதிக்கு வருவது, வண்டிக்கு என்ன செய்வது, கணவரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாவற்றுக்கும். முந்தைய ஆண்டில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 11.5 விழுக்காடு, திட்டத்தில் சேர்ந்தவர்களிடையே 4.4. புதிய மருந்து எதுவும் இல்லாமல், மனிதத் துணையால் மட்டுமே வந்த மாற்றம் இது. இவ்வளவு ஆய்வுகளையும் படித்தபின் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றும் எண்கள் இந்த இரண்டுதான்.

மரபணு ஆலோசனையில் முதலில் வரைவது வம்ச வரைபடம். மூன்று தலைமுறை. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று கேட்பார்கள். நம் வீடுகளில் இதற்குப் பதில் கிடைப்பது கடினம். பெரியம்மா “வயித்துல கட்டி வந்து” போனார் என்பார்கள். அது குடலா, கருப்பையா, சினைப்பையா என்று தெரியாது. சினைப்பை என்றால் வரைபடமே வேறு பொருள் தரும். கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கும் வீடு என்றால் நோயின் பெயரையே சொல்ல மாட்டார்கள். அந்த அச்சம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சம்பந்தம் முறிந்த கதைகள் உண்டு. ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களுக்கு மறைப்பு இரட்டை ஆபத்து. ஒரே பழுது இருபக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்தால், பி.ஆர்.சி.ஏ. 2இல் அது ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கொடிய குழந்தை நோயாகிறது.

ஆண்களை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவைப்பது இன்னொரு தவறு. பழுது அப்பாவிடமிருந்தும் சரிபாதி வாய்ப்பில் வருகிறது. அவருக்கு மார்பகப் புற்று வராமல் போகலாம். புராஸ்டேட்டிலோ கணையத்திலோ வரலாம். எதுவுமே வராமல் மகளுக்கு மட்டும் போய்ச் சேரலாம். அத்தை 40 வயதில் மார்பகப் புற்றில் இறந்தார் என்பதை “அது அப்பா பக்கம்” என்று ஒதுக்கிவிடும் பெண்ணுக்கு, அந்த அத்தைதான் முக்கியமான தகவல். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். பெயர், உறுப்பு, நோய் கண்ட வயது. இரு மார்பிலும் வந்ததா என்பது உட்பட. தாளில் அம்மா வழிக்கும் அப்பா வழிக்கும் சம இடம் விட்டு, மகள்களுக்குக் கொடுக்கும்போது மகன்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.